பர்மாத் தேக்கும் நம் வீட்டு மேஜையும்

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, சோழர் கடற்படையைப் பற்றி எழுதலாமா, பல்லவர் குடைவரைகளைப் பற்றி எழுதலாமா என்று பலநாள் எண்ணியிருந்தோம். அவற்றை நம்மினும் கற்றோர் பலர் எழுதிவிட்டனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வேக் கோப்புகளிடையே காலங்கழிக்கும் நமக்கு, எழுத உட்கார்ந்த மேஜையே ஒரு வரலாறு என்பது பிறகுதான் புலப்பட்டது.

இம்மேஜை கடையில் வாங்கியதன்று. பரேலில் நாம் பிறந்து வளர்ந்த சால் கட்டிடத்தின் உத்திரம் இது. மூன்றாண்டுகளுக்கு முன் அக்கட்டிடத்தை இடித்தபோது, இடிபொருள் வியாபாரியிடம் உத்திரம் ஒன்றும் கதவு நிலைகள் இரண்டும் வாங்கினோம். புகை படிந்து, சுண்ணாம்பு ஒட்டிக் கிடந்த அவற்றைக் கண்டு, "விறகுக்கா இவ்வளவு பணம் கொடுத்தீர்கள்?" என்று நம் இல்லத்தார் கேட்டனர்.

விறகன்று, அது பர்மாத் தேக்கு. அம்மரத்தின் பொருட்டு ஓர் அரசே வீழ்ந்தது. 1863இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம், பர்மிய மன்னரிடம் நிங்யான் காடுகளைக் குத்தகைக்கு எடுத்துத் தேக்கு வெட்டி வந்தது. கணக்கிற் காட்டியதைவிட மிகுதியாக மரம் கொண்டு சென்றதாகக் கூறி, 1885 ஆகஸ்டில் பர்மிய அரசவை ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. ஆங்கிலேயர் இதனையே சாக்காகக் கொண்டனர். வடபர்மாவில் பிரெஞ்சுக்காரர் கால்கொள்வர் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. நவம்பரில் படை புறப்பட்டது. இரண்டே வாரத்தில் மாந்தலை வீழ்ந்தது. 1886 ஜனவரி முதல் நாளன்று வடபர்மா ஆங்கிலேயர் ஆட்சியோடு சேர்க்கப்பட்டது.

மன்னன் தீபாவை முதலிற் கொண்டுவந்து வைத்தது நம் சென்னையில் என்பதைப் பலர் அறியார். சில மாதங்களுக்குப் பின்னரே அவனை இரத்தினகிரிக்கு அனுப்பினர். அங்கேயே முப்பதாண்டுகள் சிறையிருந்து 1916இல் மாண்டான். கொங்கண் ரயிலில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் இரத்தினகிரியில் இறங்கினால், அவனுக்காகக் கட்டிய மாளிகையைக் காணலாம்.

தேக்கை வெட்டிய முறையும் அறியத்தக்கது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவர். பின்னர் வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஓடைக்கரைக்கு இழுத்து, மழைவெள்ளத்தில் விடுவர். பேராற்றை அடைந்ததும் தெப்பமாகக் கட்டி, ஐராவதி வழியே ரங்கூனுக்கும், சால்வீன் வழியே மோல்மீனுக்கும் கொண்டுசெல்வர். ஒரு மரம் துறைமுகம் சேரச் சில ஆண்டுகள் ஆகும். அத்தகைய மரந்தான் கப்பலேறி வந்து பம்பாயின் சால்களைத் தாங்கிற்று.

அச்சால்கள் ஏன் இன்று வீழ்கின்றன? 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளன்று இருந்த வாடகையை அடிப்படையாகக் கொண்டது. குடியிருந்த ஏழைகளுக்கு அது பெரும் பாதுகாப்பாயிற்று. நம் தந்தையார் பணிமனைக் கூலியில் குடும்பம் நடத்த முடிந்ததும் அதனாலேயே. ஆயின் அவ்வாடகையில் கூரையைச் செப்பனிட எந்த உரிமையாளரும் முன்வரவில்லை. 1969இல் பழுதுபார்ப்பு வாரியத்திற்கெனச் சட்டம் வந்தும் முழுதும் தீர்வு காணவில்லை. சுவர் ஒழுகி இற்றது. மரமோ இறவாது நின்றது.

அம்மரத்தை மேஜையாக்கியவர் உத்தரப் பிரதேசத்து மிஸ்திரி ஒருவர். முதலில் காந்தத்தை உத்திரத்தின்மேல் ஓட்டினார். மறைந்திருக்கும் ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பல் உடைந்துபோகும். பிடுங்கிய ஆணிகள் டால்டா டப்பாவில் பாதி நிறைந்தன. பிறகு இழைப்புளியை வைத்தார். கருகிய தோல் சுருளாக விழ, உள்ளே பொன்னிறமும், புதுத் தோலை ஒத்த மணமும் எழுந்தன! தேக்கின் உள்ளிருக்கும் எண்ணெய்ப்பசையே கரையானை அண்டவிடாமற் காத்தது என்றார். பல்லாண்டு காற்றில் உலர்ந்த கட்டையாதலின் இனி எளிதில் முறுக்கிக்கொள்ளாது என்றும் கூறினார். ஆணித்துளைகளைத் தேக்குத் துண்டுகளாலேயே அடைக்கச் சொன்னோம். துருக்கறையை மட்டும் நீக்கவேண்டாம் என்று தடுத்துவிட்டோம். கூலியையும் சேர்த்தால் பிளைவுட் மேஜையைப்போல் மும்மடங்கு ஆயிற்று என்பதை மறைப்பானேன்?

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நம் இருப்புப்பாதைகளிலிருந்து கழித்த பழைய சிலிப்பர் கட்டைகளை மலிவென்று சிலர் நாடுகின்றனர். கிரியோசோட் எண்ணெய் ஊட்டிய கட்டை உடலுக்குத் தீங்கானது. உணவு உண்ணும் மேஜைக்கு அது கூடவே கூடாது.

காரைக்குடியை நினைத்தால் மட்டும் நம் மகிழ்ச்சி குன்றுகிறது. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் நடத்தி ஈட்டிய செல்வத்தால் எழுந்த செட்டிநாட்டு மாளிகைகளிலும் இதே தேக்குத்தான் தூணாக நின்றது. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபின் அச்செல்வத்தின் ஊற்று வறண்டது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலராயினர். பராமரிக்க இயலாது சில வீடுகளைப் பிரித்து விற்றனர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் அவ்வீடுகளின் தூண்களும் கதவுகளும் அடுக்கிக் கிடக்கின்றன. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு அறுக்காத மரத்தடிகளின் ஏற்றுமதியைத் தடை செய்தபின் பழந்தேக்கின் மதிப்பு கேட்கவே வேண்டாம். தானே மாண்ட மாட்டின் தோலை எடுத்துச் செருப்புத் தைப்பது ஒன்று. தோலுக்காகவே மாட்டைக் கொல்வது மற்றொன்று. நம் பரேல் சால் முதல் வகை என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். தூணின் விலைக்காக நல்ல வீட்டையே பிரிப்பதை நம் மனம் ஏற்கவில்லை.

நம் காலனியின் பழைய குவார்ட்டர்ஸ் வரிசையையும் இடிக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அங்குள்ள கதவுகள் பர்மாத் தேக்கு அல்ல. ஆயினும் நல்ல மரமே. அவை கழிவுப்பொருள் ஏலத்திற்கு வருங்கால், சங்கத்தின் பெயரால் நான்கைந்து கதவுகளை எடுத்தால், மழைக்காலந்தோறும் பூஞ்சை பிடிக்கும் நம் நூலகப் புத்தகங்களுக்கு இரண்டு அலமாரிகள் தேறும். மிஸ்திரியிடம் கேட்டுவிட்டோம்; கூலி விவரத்தை எழுதி அடுத்த செயற்குழுவில் சமர்ப்பிக்க இருக்கிறோம்.