82 பேர் சொன்னது

காஞ்சிபுரத்து அக்கிரகார வீடுகளில் மடித்துணிக்கென்று தனிக் கொடி இருந்தது. உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் மூங்கில் கழி, கைக்கு எட்டாத உயரத்தில். துவைத்த புடவையைக் கோலால் அதில் விரித்துப் போடுவார்கள். மறுநாள் குளித்துவிட்டு, அதே கோலால் எடுத்து உடுத்திக்கொண்டு அடுப்படிக்குள் நுழைவார்கள். நடுவில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் மேலே விழுந்தால் மறுபடி குளியல். யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்ற சாதிக் கொடுமையும் இந்த ஆசாரத்துக்குள்ளேயே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு மடியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. ஆனாலும் ஆசாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. குளித்தால் தீட்டுப் போய்விடும்.

எத்தனை முறை குளித்தாலும் தீட்டுப் போனதாகத் தோன்றாதவர்களும் அந்த வீடுகளில் இருந்தார்கள். ‘ரொம்ப ஆசாரம்’ என்று அவர்களை மரியாதையாகச் சொன்னார்கள், எரிச்சல் வந்தால் ‘சுத்தப் பைத்தியம்’ என்றார்கள். நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பக்கத்தில் மனக்கோளாறு என்றால் சோளிங்கர் மலைக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள், இல்லாவிட்டால் 1871-லிருந்து சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநல மருத்துவமனைக்கு. எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடி உள்ளவருக்கோ புத்தி தெளிவாகவே இருக்கும். தான் செய்வது அதிகப்படி என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். அவரை எந்த ஊருக்கு அழைத்துப் போவது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவிய ஆய்வு ஒன்று சண்டிகரிலிருந்து வந்தது. அங்குள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனத்தில் சல்மான் அக்தர், நரேந்திர நாத் விக் முதலானோர் 82 நோயாளிகளை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்கள். 1975-ல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’ இதழில் அது வெளியானது. எண்ணத்தின் பொருள் வேறு, அதன் வடிவம் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததுதான் முக்கியம். பொருளில் முதலிடம் அழுக்குக்கும் தொற்றுக்கும்: 59 சதவீதம். வடிவத்திலோ சந்தேகம் முந்தி நின்றது, முக்கால்வாசிப் பேரிடம். பூட்டினேனா, கழுவினேனா, போயிற்றா? அழுக்கு ஊருக்கு ஊர் மாறும். அந்தச் சந்தேகம் மாறாது. இன்னொன்றும் தெரிந்தது. கால்வாசிப் பேர் வெளியே தெரியும்படி எதையுமே செய்யவில்லை. கை கழுவுகிறவரைத்தான் வீடு கவனிக்கும். மனதுக்குள்ளேயே அல்லாடுகிறவரை யார் கண்டது?

அதே 1975-ல் கொல்கத்தாவின் அஜிதா சக்கரவர்த்தி, வங்காளத்து விதவைகளிடையே காணப்பட்ட ‘சுசிபாய்’ என்ற சுத்த வெறியையும் ஓசிடியையும் ஒப்பிட்டு எழுதினார். ஆசாரம் நோய்க்குப் போர்வையாக இருந்ததை நம் நாட்டுப் பெண் மருத்துவர் ஒருவரே எடுத்துக்காட்டியது பெரிய காரியம்.

சிகிச்சையின் வரலாறு இதற்குச் சற்று முந்தையது. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர், ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் அறையில் தண்ணீர்க் குழாயையே அடைக்கச் செய்தார். பயப்படும் பொருளைத் தொடவேண்டும், தொட்டபின் கழுவக்கூடாது. பதற்றம் ஏறும், பிறகு தானே இறங்கும். இன்றைய நடத்தைச் சிகிச்சை இதிலிருந்து வளர்ந்ததுதான், இப்போது நோயாளியின் சம்மதத்தோடு படிப்படியாகச் செய்கிறார்கள். குளோமிப்ரமினும், பின்னால் வந்த ஃபுளுவாக்செடின் போன்ற மாத்திரைகளும் துணைக்கு வந்தன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் சுமந்த் கன்னா, பிறகு ஒய்.சி. ஜனார்தன ரெட்டி ஆகியோர் இந்த நோய்க்கென்றே ஆய்வை வளர்த்தார்கள். ரெட்டியும் சகாக்களும் எழுதிய சிகிச்சை வழிகாட்டியை இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்டது.

தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் 2015–16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 0.8 சதவீதம் பேருக்கு ஓசிடி இருப்பதாகக் கண்டது. பத்தாயிரம் பேருக்கு எண்பது பேர். ஏனாத்தூரிலேயே 2003-ல் மீனாட்சி மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மருத்துவக் கல்லூரி என்றால் மனநலத் துறையும் உண்டு. கீழ்ப்பாக்கம் என்ற பெயருக்குப் பயந்தவர்கள் இங்கே புறநோயாளிச் சீட்டு எடுத்து உட்காரலாம்.

மருத்துவர்கள் இப்போது குடும்பத்தையும் கூடவே உட்காரவைக்கிறார்கள். “அம்மா, போயிடுச்சா?” என்று மகள் இருபதாவது தடவை கேட்கும்போது “போயிடுச்சுடி கண்ணு” என்று தாய் சொல்வது அன்புதான், அந்தப் பதிலே நோய்க்கு உரமாகிறது. அதனால் மகளுக்குச் சொல்லித்தரும் அதே பயிற்சியில், பதில் சொல்லாமல் பக்கத்தில் இருக்கத் தாய்க்கும் கற்றுத்தருகிறார்கள்.