உப்புக் காற்றும் வாகனப் பெயின்றும்: வக்ஸ் எதைக் காக்கும், எதைக் காக்காது

திருகோணமலை நகரத்துக்கு ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் வங்காள விரிகுடா. காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதில் உப்பு இருக்கும். லிங்கநகரில் இரவு முழுவதும் வெளியே நிறுத்திய வாகனத்தின் கண்ணாடியைக் காலையில் தடவிப் பாருங்கள், விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். அதே பிசுபிசுப்புத்தான் பெயின்றின் மேலும் படிந்திருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழை பெய்யாத நாளிலும் தகரம் முழுதாகக் காய்வதில்லை.

இதைப் பணக்காரரின் கவலை என்று ஒதுக்க முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பின்னும் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. யுத்தத்துக்குப் பின் லீசிங்கில் எடுத்த ஓட்டோவையோ ஹயர் வானையோ நம்பி வாழும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் நிறைய. அவர்களுக்கு இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி. விற்க வேண்டி வந்தாலும் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பெயின்றைத்தான். என்னிடம் இருப்பதும் இருபது வயதைத் தாண்டிய சிறிய கார்தான்.

தொழிற்சாலையிலிருந்து வரும் வாகனத்தில் தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற லக்கர் என்று அடுக்கடுக்காகப் பூசியிருப்பார்கள். மொத்தத் தடிப்பே பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான். அதில் லக்கர் ஏறக்குறைய 40, 50 மைக்ரோன், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. வெயில், உப்பு, காக்கை எச்சம் எல்லாவற்றையும் முதலில் வாங்குவது இந்த லக்கர்தான். வக்ஸ் அதன் மேல் மிக மெல்லிய போர்வையாக நிற்கிறது. லக்கருக்குப் பதிலாகத் தான் தேய்ந்து போவதுதான் அதன் வேலை. மினுக்கம் கூடக் கிடைக்கும் இலாபம்.

நல்ல வக்ஸ்களில் கார்னோபா என்ற மெழுகு இருக்கும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும், நமது பனையைப் போல விசிறி ஓலை கொண்ட ஒரு மரத்தின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. வரட்சியில் ஓலையின் ஈரம் போகாமலிருக்க மரமே அதைச் சுரக்கிறது. தேன்மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். கார்னோபா உருக 80 பாகைக்கு மேல் வேண்டும். கச்சான் காலத்து வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பொனட் 60 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதை நினைத்தால் இந்த வித்தியாசம் விளங்கும். செயற்கை சீலன்ற்கள் இன்னும் நீண்ட நாள் நிற்கும், விலையும் கூட.

பூசுவதை விடக் கழுவுவதுதான் முக்கியம். மணலும் உப்பும் இருக்கும் பெயின்றின் மேல் வக்ஸ் தேய்ப்பது அரத்தாளால் தேய்ப்பது மாதிரி. முதலில் தண்ணீரை ஓடவிட்டு மணலை இறக்க வேண்டும். பிறகு கார் ஷாம்பு. உடுப்புக் கழுவும் பவுடரும் பாத்திரம் கழுவும் திரவமும் பழைய வக்ஸையும் சேர்த்து வழித்துவிடும். கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் வெயிலில் காயவிடாதீர்கள், வெள்ளைப் புள்ளி விழும். உடனே துவாயால் ஒற்றி எடுங்கள். காய்ந்த பின் கையை மெல்லிய பொலித்தீன் பைக்குள் விட்டுப் பெயின்றைத் தடவினால், வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். அப்படி இருந்தால் இதற்கென்று விற்கும் களியால் ஷாம்புத் தண்ணீர் விட்டு மெதுவாக இழுத்தெடுத்த பிறகே வக்ஸ்.

நிழலில், தகரம் குளிர்ந்திருக்கும்போது பூசுங்கள். பஞ்சில் சிறிதளவு எடுத்து, ஒரு கதவு, பிறகு அடுத்த கதவு என்று பகுதி பகுதியாக மெல்லிசாக. தடிப்பாகப் பூசினால் துடைக்கக் கைதான் வலிக்கும், காவல் கூடாது. மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள். அந்த இடம் தெளிவாகத் தெரிந்தால் துடைக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக் பம்பரிலும் ரப்பரிலும் படவிடாதீர்கள், வெள்ளைக் கறை போகாது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால் வக்ஸ் தீர்ந்துவிட்டது. நான் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசுகிறேன். ஒரு முறைதான் முடியும் என்றால் வாடைமழை தொடங்க முன் பூசுங்கள்.

கட்டிங் பொலிஷ் வேறு, வக்ஸ் வேறு. இதைப் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். கட்டிங் பொலிஷ் கீறல் தெரியாமலிருக்க லக்கரையே சுரண்டி எடுக்கிறது. ஒவ்வொரு சேர்விசுக்கும் அதைச் செய்விப்பது காசு கொடுத்துப் பெயின்றைத் தேய்ப்பதாகும். லக்கர் இல்லாத பழைய பெயின்ற் என்றால் நிறமே துணியில் வரும். தொண்ணூறுகளில் எரிபொருள் தடைக்குள் வடக்கில் மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40களும் மொறிஸ் மைனர்களும் அந்த வகைதான். அவற்றில் மிஞ்சியதை இன்றும் வைத்திருப்பவர்கள் பொலிஷ் மெஷினைக் கிட்ட விடாமலிருப்பது நல்லது. மண்ணெண்ணெயால் துடைத்தாலும் மினுங்கும்தான். ஆனால் எண்ணெய்ப் பிடிப்பில் தூசி வந்து ஒட்டும்.

வக்ஸ் துருவை நிறுத்தாது. எனக்குத் தெரிந்த ஒரு டிங்கரிங் பட்டறைக்கு வரும் வாகனங்களைப் பார்த்தால், பெரும்பாலும் துரு தொடங்கியிருப்பது கதவின் அடிவிளிம்பு, மட்கார்ட்டின் உட்புறம், அடித்தளம் போன்ற கண்படாத இடங்களில். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறிய ஓட்டைகள் இருக்கும். மணல் அடைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஒரு ஈர்க்கிலால் குத்திவிடுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். கல்லடித்துப் பெயின்ற் தெறித்த இடத்துக்கு முதலில் டச்சப், அது காய்ந்த பிறகுதான் வக்ஸ். முறையை மாற்றிச் செய்தால் பெயின்ற் பிடிக்காது. பெயின்ற் கொப்பளித்திருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம்; அதன் மேல் எதைப் பூசினாலும் வீண்.

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துப் பார்க்க வேண்டும். விற்பதற்கு முதல்நாள் போட்ட பொலிஷ் எவ்வளவோ மறைக்கும். கால் விரிப்பைத் தூக்கித் தரைத் தகரத்தைப் பாருங்கள், டிக்கியில் ஸ்பெயார் ரயரை எடுத்துவிட்டு அதன் குழியையும் பாருங்கள். அங்கே யாரும் வக்ஸ் பூசுவதில்லை.