பூமராங் மவுத் ஆர்கன்

நம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் அதை ஹார்மோனிகா என்று சொன்னதில்லை, மவுத் ஆர்கன்தான். பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியர்கள் 'அர்மோனிகா' என்பார்கள். வீதிக்கு வந்தால் மறுபடி மவுத் ஆர்கன். ஆஸ்திரேலியாவிலும் பல தலைமுறைகளாக இதே பெயர்தான் என்று படித்தபோது எனக்கு ஒரு நெருக்கம் உண்டாயிற்று. அந்த நாட்டின் மவுத் ஆர்கன் கதையை எழுதவேண்டும் என்று தோன்றியதும் அதனால்தான்.

கதையில் முதலில் வருபவர் ஒரு சுவிஸ்காரர். கடிகாரம் பழுது பார்க்கும் தொழில் தெரிந்தவர். 1884ல் குடும்பத்தோடு சிட்னிக்குக் கப்பலேறினார். Jacques Albert என்ற அவர் பெயரை என் நாக்கு 'ழாக் அல்பேர்' என்றுதான் படிக்கிறது. சிட்னிக்காரர்கள் ஆல்பர்ட் ஆக்கிவிட்டார்கள். கடிகாரத்தோடு வயலினும் விற்றார். மகன் மிஷேல் பிரான்சுவா, ஊராருக்கு பிராங்க், கடையைக் கையில் எடுத்ததும் வியாபாரம் வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்து மவுத் ஆர்கன்களைத் தருவித்து, 'பூமராங்' என்று முத்திரை குத்தி விற்றார். நாடெங்கும் பிடித்துப்போயிற்று. மவுத் ஆர்கனை மலிவாக விற்று, அதில் வாசிக்கப் பாட்டுப் புத்தகங்களையும் அவர்களே அச்சிட்டார்கள். கெட்டிக்கார வியாபாரம்தான். எலிசபெத் பே கடலோரம் பிராங்க் கட்டிய மாளிகைக்கும் பூமராங் என்றே பெயர்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. பூமராங் அந்த மண்ணின் பூர்வகுடிகளின் ஆயுதம். பெயர் அவர்களுடையது, வாத்தியம் ஜெர்மானியர் செய்தது, லாபம் சுவிஸ் குடும்பத்துடையது. அந்தக் காலத்தில் இதைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. காலனியில் பிறந்த எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மனியில் மவுத் ஆர்கன் தொழிலுக்கு இரண்டு ஊர்கள் பெரியவை. தெற்கே டிராசிங்கன், 1857ல் ஹோனர் தொடங்கிய ஊர். கிழக்கே சாக்சனியில் கிளிங்கன்தால், அங்கே 1847லேயே தொடங்கிய சைடல் கம்பெனி. பூமராங் மவுத் ஆர்கன்கள் சைடல் பட்டறையில் உருவானவை. கிளிங்கன்தாலில் பித்தளை நாக்குகளை அராவி சுருதி சேர்த்து, கப்பலில் ஏற்றினால், அவை உலகத்தின் மறுகோடியில் ஆடு மேய்ப்பவன் சட்டைப் பையில் போய்ச் சேரும்.

ஆடு மேய்ப்பவன் என்றது சும்மா அல்ல. ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளிலும் மாடு ஓட்டிச் செல்பவர்களின் முகாம்களிலும் பியானோவுக்கு எங்கே போவது? இதுவோ பையில் அடங்கும். நாட்டியத்துக்கு ஒரே ஆள் போதும். நாக்கால் சில துளைகளை மூடி, தாளத்துக்குத் தாளம் நாக்கைத் தூக்கினால், மெட்டோடு பக்கவாத்தியமும் சேர்ந்து கேட்கும். வாம்பிங் என்பார்கள். தனி ஆள் ஒரு குழு போல ஒலிப்பது இந்தத் தந்திரத்தால்தான். ரே கிரீவ் என்பவர் ஆஸ்திரேலிய மவுத் ஆர்கன் வரலாற்றை 1995ல் புத்தகமாக எழுதியபோது, கோட்டுப் பையில் ஒரு பேண்டு என்ற பொருளில் தலைப்பு வைத்தார். பொருத்தமான தலைப்பு.

1914ல் போர் வந்தது. எதிரி நாட்டோடு வியாபாரம் கூடாது என்று ஆஸ்திரேலியா அதே ஆண்டு சட்டம் போட்டது. ஆனால் ஏற்கெனவே வாங்கிய மவுத் ஆர்கன்களை என்ன செய்வது? பிள்ளைகள் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கப்பலேறினார்கள். ஜெர்மானியன் செய்த வாத்தியத்தை வாசித்துக்கொண்டே பிரான்சின் பதுங்குகுழிகளில் ஜெர்மானியனோடு சண்டை. நம் கடற்கரையில் நிற்கும் நினைவுச் சின்னமும் அந்தப் போருக்கானதுதான்.

போருக்குப் பிறகுதான் உண்மையான மோகம். 1920களிலும் 30களிலும் ஊருக்கு ஊர் மவுத் ஆர்கன் பேண்டுகள், போட்டிகள். பி. சி. ஸ்பவுஸ் என்ற சாம்பியன் இசைத்தட்டே கொடுத்தார். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத வாலிபர்களுக்கு எட்டிய வாத்தியம் வேறு எது? மெல்போர்னின் தொழிலாளர் பேட்டையான யாராவில்லில் 1933ல் ஒரு பேண்டு தொடங்கியது.

அடுத்த பேட்டையான புட்ஸ்கிரேயில் 1917ல் பிறந்தவர் ஹாரி டார்ஜி. அவர் அண்ணன் வில்லியம் டார்ஜி பெரிய ஓவியர். ஆர்ச்சிபால்டு பரிசை எட்டுமுறை வாங்கியவர், எலிசபெத் மகாராணியை உட்காரவைத்து வரைந்தவர். அண்ணன் தூரிகை, தம்பி மவுத் ஆர்கன். அந்த வீட்டில் தம்பியைப் பற்றி என்ன கவலைப்பட்டிருப்பார்களோ! ஆனால் 1952ல் அவருடைய ஐவர் குழுவின் கச்சேரித் தட்டுக்குத்தான் ஆஸ்திரேலியாவின் முதல் தங்கத் தட்டு விருது கிடைத்தது. அதற்கு முன்பே, 1939ல், அமெரிக்கர் லாரி ஆட்லர் முதன்முதலாக சிம்பொனி இசைக்குழுவோடு தனி வாசித்த இடமும் சிட்னிதான். பிற்பாடு பிரெஞ்சு இசைமேதை மியோ அவருக்காகவே ஒரு படைப்பு எழுதினார். பொம்மை என்று ஒதுக்கியவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு தகவல். சாதாரண பத்துத் துளை மவுத் ஆர்கனில் கீழ் ஸ்தாயியில் 'ம'வும் 'த'வும் கிடையாது. சரளி வரிசையே முழுதாக வராது. ஆனால் இரண்டாம், மூன்றாம் துளைகளில் மூச்சை உள்ளிழுக்கும்போது வாயை ஒருவிதமாக மாற்றினால், சுருதி வளைந்து இறங்கி அந்த இரண்டும் கிடைக்கும். புளூஸ் வாசிப்பின் உயிர் இந்த வளைவு. செயின் குழுவின் மாட் டெய்லர், ஜிம் கான்வே, 2019ல் மறைந்த கிறிஸ் வில்சன் எல்லோரும் இதில் கை தேர்ந்தவர்கள்.

பழைய பூமராங்குகளை இப்போது சேகரிக்கிறார்கள். சேகரிப்பவர்களுக்கு அட்டைப் பெட்டியும் வாத்தியத்துக்குச் சமம். மேல்தகட்டில் டி.ஆர்.ஜி.எம். என்ற நான்கு எழுத்துகள் இருந்தால் அது ஜெர்மன் பதிவு முத்திரை. 1891க்கு முந்தியது அல்ல என்று தெரிந்துவிடும். கோப்பில் தேதி இல்லாத கடிதத்துக்குச் சீலைப் பார்த்து ஆண்டு சொல்வோமே, அதே வேலை. நடுவிலுள்ள மரச்சட்டம் எச்சில் ஈரத்தில் ஊதி வெடித்திருக்கும், ஆணிகள் துருப்பிடித்திருக்கும். அப்படிப்பட்டதை வாயில் வைக்காமல் இருப்பது நல்லது.

ஆல்பர்ட் கடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பிராங்கின் பேரன் டெட் 1964ல் இசைத்தட்டுத் தயாரிப்பில் இறங்கினார். முதலில் ஈசிபீட்ஸ் குழு. பிறகு, எங்கள் தெருப் பையன்கள் இன்றும் காதைப் பிளக்க வைத்துக் கேட்கிறார்களே, அந்த ஏசி/டிசி.