ஹொமின்: ஒரு சொல்லும் ஒரு மொழியின் வரலாறும்

சந்தைக்குச் சற்று அப்பால் நின்று செவிகொடுத்தால் எந்தச் சொல்லும் தெளிவாக விளங்காது. ஆனால் மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கும். அந்த ஓசைக்கு உக்ரேனிய மொழியில் 'ஹொமின்' என்று பெயர். ஒழுங்கற்ற கூச்சலுக்கு 'ஹாமிர்', 'ஹாலஸ்' என்ற சொற்கள் அம்மொழியில் உண்டு. ஹொமினோ பல குரல்கள் கலந்தெழும் அரவம். காட்டின் சலசலப்பையும் அச்சொல்லாலேயே குறிப்பர்.

இது ஸ்லாவிய மொழிகள் பலவற்றில் வழங்கும் பழஞ்சொல். ரஷ்ய மொழியில் அது 'கொமொன்'. அங்குள்ள ககரம் உக்ரேனியத்தில் ஹகரமாகிறது. மூடிய அசையில் வரும் ஒகரம் இகரமாகிறது. வேற்றுமை உருபேற்று அசை திறந்தால் 'ஹொமொனு' எனப் பழைய ஒகரம் மீண்டும் தலைகாட்டும். ஆக, உக்ரேனியத்தை ரஷ்யத்திலிருந்து பிரித்துக்காட்டும் இரு ஒலி மாற்றங்கள் இந்தச் சிறு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. உரையாடுதலைக் குறிக்கும் 'ஹொமொனீத்தி', எதிரொலியைக் குறிக்கும் 'வித்ஹொமின்' ஆகியன இதன் உறவுச் சொற்களே.

ரஷ்யப் பேரரசோ இம்மொழியையே வெறும் அரவமாகத்தான் கருதியது. உக்ரேனியம் எனத் தனிமொழி இல்லை, அது குடியானவர் பேசும் வழக்கு என்பதே அதன் நிலைப்பாடு. உள்துறை அமைச்சர் வலூயெவ் 1863இல் விடுத்த சுற்றறிக்கை, பாமர மக்களுக்கான சமய நூல்களையும் பாடநூல்களையும் அம்மொழியில் அச்சிடத் தடைவிதித்தது. 1876இல் இரண்டாம் அலெக்சாண்டர் எம்ஸ் நகரில் ஒப்பமிட்ட ஆணை இலக்கிய நூல்களையும் நாடக மேடையையும் கூட விட்டுவைக்கவில்லை.

எனினும் வீடுகளிலும் சந்தைகளிலும் பேச்சு ஓயவில்லை. அவ்வாறு வாயில் வாழ்ந்த சொற்களையும் ஏட்டில் இருந்த சொற்களையும் தொகுத்து, 1907 முதல் 1909 வரை கீவ் நகரில் நான்கு தொகுதிகளாக அகராதி வெளியிட்டார் பொரிஸ் ஹ்ரின்சென்கோ. ஏறத்தாழ 68,000 சொற்கள் அதில் இடம்பெற்றன. புலம்பெயர்ந்தோர் 1948இல் டொரொண்டோவில் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஹொமின் உக்ரயீனி' என்றே பெயரிட்டனர்.

2004இலும் 2013இலும் அந்த மக்களின் ஓசை திரண்டெழுந்த கீவ் சதுக்கத்தின் பெயர் 'மைதான்'. அரபியிலிருந்து துருக்கிய மொழிகள் வழியே அங்கு சென்ற அச்சொல், நம் நாவில் 'மைதானம்' ஆனது.

பேச்சை வெறும் இரைச்சல் என ஒதுக்குவது அதிகாரத்துக்கு எளிது. அந்த இரைச்சலுக்கே ஒரு பெயர் வைத்துப் பேணிய மொழியை அடக்குவதோ அத்தனை எளிதாக இருக்கவில்லை.