அடுப்படியில் ஒளித்து வைத்த ஒரு தாள்! - எழுதத் தெரியக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் எழுதிய வாழ்க்கைக் கதைகள்

சுயசரிதைன்னு சொன்னதும் நமக்கு யார் ஞாபகத்துக்கு வருவாங்க? காந்தி, கலாம், ஏதாவது ஒரு கிரிக்கெட் வீரர், ஒரு கம்பெனி முதலாளி. கஷ்டப்பட்டு மேலே வந்தவங்க கதை. கடைசி அத்தியாயத்தில் ஒரு விருது, ஒரு கைதட்டல். புத்தகக் காட்சியில் இந்தப் புத்தகங்கள்தான் கண்ணில் படுகிற மாதிரி முன்வரிசையில் இருக்கும்.

இந்தக் கட்டுரை வேறு ஒரு வரிசையைப் பற்றியது. பேனாவைத் தொடவே கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள், தொட்டாலும் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைக்கப்பட்டவர்கள் எழுதிய புத்தகங்கள். எங்கே தொடங்குவது, எதை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்காக.

தொடங்க நல்ல இடம் ஒரு சமையலறை.

முக்காட்டுக்குள் ஒரு எழுத்து

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பங்களாதேஷில் இருக்கும் பாப்னா பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர் ராஸ்சுந்தரி தேவி. வீட்டுத் திண்ணையில் ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும். இந்தச் சிறுமியையும் சும்மா அங்கே உட்காரவைத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பையன்கள் சத்தமாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, எழுத்தின் உருவம் கொஞ்சம் மனதில் பதிந்தது. அவ்வளவுதான். 12 வயதில் கல்யாணம்.

மாமியாருக்குக் கண் பார்வை போய்விட, வீட்டுச் சமையல் முழுக்க இந்தச் சின்னப் பெண்ணின் தலையில் விழுந்தது. ஒரு நாளைக்கு 25 பேருக்குச் சமையல், அதுவும் இரண்டு வேளை. அப்புறம் பிரசவங்கள். மொத்தம் 12 குழந்தைகள். அதில் பலரைத் தன் கண் முன்னாலேயே பறிகொடுத்தார். எல்லோருக்கும் போட்டுவிட்டுத் தான் சாப்பிட உட்காரும்போது விருந்தாளி வருவார், அவருக்குச் சோற்றைக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால் குழந்தை அழும். இப்படியே சாப்பிடாமல் இரண்டு நாள் போனதையும், அது வீட்டில் யாருக்கும் தெரியாமலே போனதையும் அவர் எழுதியிருக்கிறார். அதில் கோபம் இல்லை. ‘பாருங்க, இப்படியும் நடந்துச்சு’ என்கிற தொனிதான்.

இன்னொரு சம்பவம். கணவருடைய குதிரையை முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அது அங்கே காயவைத்திருந்த நெல்லைத் தின்ன ஆரம்பிக்கிறது. விரட்ட வேண்டும். ஆனால், கணவரின் குதிரை முன்னால் எப்படிப் போய் நிற்பது? மரியாதை இல்லையே! உள்ளே ஓடி ஒளிந்துகொள்கிறார். பல வருடங்கள் கழித்து இதை எழுதும்போது தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்கிறார். சமூகவியல் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற ஒரு விஷயம், இந்தக் குதிரைக் கதையில் முடிந்துவிடுகிறது.

படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. பெண் படித்தால் விதவையாகிவிடுவாள் என்று நம்பப்பட்ட காலம். ஒருநாள் கணவர் ‘சைதன்ய பாகவதம்’ நூலை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார். கட்டு அவிழ்த்து அதிலிருந்து ஒரே ஒரு தாளை உருவி எடுக்கிறார் ராஸ்சுந்தரி. மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொள்கிறார். இரண்டையும் அடுப்படியில் ஒளித்துவைக்கிறார். சமைக்கும்போது இடது கையில் முக்காட்டுக்குள் அந்தத் தாள். ஓலையில் இருக்கும் எழுத்தையும் தாளில் இருக்கும் எழுத்தையும், சின்ன வயதில் காதில் விழுந்த சத்தத்தையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்கிறார். அப்போது அவருக்கு வயது 20களின் மத்தி.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அவர் அன்று கற்றுக்கொண்டது படிக்க மட்டும்தான். எழுத அல்ல. எழுதுவதற்குத் தாள், பேனா, மை எல்லாம் வேண்டும். அதை எங்கே ஒளித்துவைப்பது? எழுதக் கற்றது பல வருடங்கள் கழித்து, ஊரை விட்டுத் தள்ளியிருந்த மகன், ‘ஏம்மா என் கடிதத்துக்குப் பதில் போடமாட்டேங்கிற?’ என்று கேட்டுத் தாளும் மையும் வாங்கிக் கொடுத்த பிறகு.

‘ஆமார் ஜீபன்’, அதாவது ‘என் வாழ்க்கை’. விதவையான பிறகு, 60 வயதை ஒட்டி அதை எழுதினார். 88 வயதில் இன்னும் கொஞ்சம் சேர்த்தார். வங்க மொழியின் முதல் முழுமையான சுயசரிதையாக இது கருதப்படுகிறது. ஆண், பெண் இருவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வரலாற்று ஆய்வாளர் தனிகா சர்க்கார் 1999இல் இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தனி நூலே எழுதினார். அதில் மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

புத்தகத்தில் எனக்கு மறக்கவே முடியாத இடம் படிப்பு சம்பந்தப்பட்டது இல்லை. அம்மா சாகக் கிடக்கிறார். போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. அத்தனை பொறுமையாக எழுதிக்கொண்டு வரும் ராஸ்சுந்தரி அந்த இடத்தில் உடைந்துவிடுகிறார்.

தூசி தட்டிய கை

இதே வங்க மொழியில், ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, மறுபடியும் ஒரு வீட்டு வேலைக்கு நடுவில் ஒரு புத்தகம் பிறந்தது. பேபி ஹால்தார். சின்ன வயதிலேயே அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். 12 வயதில், தன்னைவிட 14 வயது மூத்தவரோடு கல்யாணம். அடி, உதை. 1999இல் மூன்று குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு டெல்லிக்கு ரயில் ஏறினார். கடைசியில் குருகிராமில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது.

அந்த வீட்டுக்காரர் பிரபோத் குமார், ஓய்வுபெற்ற மானுடவியல் பேராசிரியர். எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண் புத்தகங்களின் மேல் காட்டும் தயக்கத்தை, புரட்டிப் பார்ப்பதை அவர் கவனித்தார். முதலில் தஸ்லிமா நஸ்ரினின் இளம்பருவ நினைவுகளைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, ‘உன் கதையை எழுது’ என்றார். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதியதுதான் ‘ஆலோ ஆந்தாரி’. முதலில் 2002இல் இந்தி மொழிபெயர்ப்பாக வந்தது. 2006இல் ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்தும். ‘நான்’ என்று போய்க்கொண்டிருக்கும் கதை, திடீரென்று ‘பேபி’ என்று மாறும். தன்னைத் தானே யாரோ ஒருத்தி போல எழுதுவார். பெரும்பாலும் வலி அதிகமான இடங்களில். மொழிபெயர்ப்புக் கோளாறு என்று நினைத்துத் தாண்டிவிடாதீங்க. அந்த இடங்களில் கொஞ்சம் நிறுத்திப் படிங்க.

பனங்கருக்கு கையைக் கிழிக்கும்

தமிழுக்கு வருவோம். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று இதைத்தான் சொல்வார்கள். பனைமட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், கையைக் கிழித்துக்கொண்ட அனுபவம் இருக்கும்.

சின்னப் பெண்ணாகத் தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும் பாமா, ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறார். பொட்டலம் கையில் பட்டுவிடக் கூடாது. சின்னப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறார். அண்ணன் சிரிக்கவில்லை. அது ஏன் என்று விளக்குகிறார். நன்றாகப் படி, அதுதான் வழி என்கிறார்.

ஆனா, ‘கருக்கு’ படித்து முன்னேறிய கதை இல்லை. படித்து, ஆசிரியராகி, தன் மக்களின் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியைப் பார்த்து, வெளியே வந்து, கையில் எதுவும் இல்லாமல் நின்றபோது எழுதியது. சுபம் போட்டு முடியாது. வருட வரிசையிலும் போகாது. ஒரே சம்பவத்துக்கு வேறு வேறு இடத்தில் திரும்பி வரும். முதல்முறை படித்தபோது, ‘என்ன இது, ஒழுங்கா எடிட் பண்ணலையோ’ன்னு நான் நினைத்தேன். டிப்ளமோ முடித்த புதிது, எதைப் பார்த்தாலும் சிவப்புப் பேனா எடுக்கத் தோன்றும் வயது. இரண்டாவது முறை படித்தபோதுதான், ஒரு காயத்தை மனசு அப்படித்தான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கும் என்று புரிந்தது.

மொழியும் அப்படித்தான். ஊரில் பேசுகிற பேச்சை அப்படியே எழுதினார். இலக்கணம் கெட்டுப்போச்சு, கொச்சை என்று அப்போது விமர்சனம் வந்தது. ஊரில் வேறு மாதிரிக் கோபம். தங்களைப் பற்றி வெளியே இப்படி எழுதிவிட்டாரே என்று. கொஞ்ச காலம் அவரால் சொந்த ஊருக்குப் போக முடியாத நிலைகூட இருந்தது. பிறகு அதே ஊர்ப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வெளியாகி கிராஸ்வேர்ட் பரிசு பெற்றது. இன்று பல கல்லூரிகளில் பாடம்.

‘கருக்கு’ பிடித்திருந்தால் அடுத்து கே.ஏ.குணசேகரனின் ‘வடு’ படிங்க. நாட்டுப்புறப் பாடகராக நமக்குத் தெரிந்தவர், இளையான்குடிப் பக்கத்துச் சிறுவயதைச் சொல்கிறார். சின்னப் புத்தகம்தான்.

பேனா யார் கையில்?

இந்த வகைப் புத்தகத்தை எடுத்ததும் நான் முதலில் தேடுவது, இதை யார் எழுதினார்கள் என்பதை. அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லவில்லை. சொன்னது யார், எழுதியது யார், வெட்டியது யார்?

கேரளத்தின் நளினி ஜமீலாவை எடுத்துக்கொள்ளலாம். பாலியல் தொழிலாளியான அவருடைய சுயசரிதை 2005இல் மலையாளத்தில் வந்து பரபரப்பாக விற்றது. அவர் சொல்ல, இன்னொருவர் எழுதியது அது. புத்தகத்தைப் பார்த்த நளினிக்குத் திருப்தி இல்லை. இது என் குரல் இல்லை என்றார். விற்றுக்கொண்டிருக்கும் புத்தகத்தை அப்படியே விட்டுவிடலாம்தானே? அவர் விடவில்லை. திருத்தி எழுதி, தன்னுடைய வடிவத்தை மறுபடி வெளியிட்டார். ஒருவர் தன் வாழ்க்கைக்கே இரண்டாம் பதிப்பு போட வேண்டி வந்தது!

நேர்மாறான உதாரணமும் உண்டு. சகோதரி சுப்பலட்சுமி. சிறுவயதிலேயே விதவையானவர், அப்பாவின் துணையோடு படித்து 1911இல் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தின் முதல் இந்து விதவைப் பட்டதாரி. கடற்கரை ஐஸ் ஹவுஸில், இப்போதைய விவேகானந்தர் இல்லத்தில், இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். இவ்வளவு செய்தவரின் கதையை 1966இல் புத்தகமாக்கியவர் மோனிகா ஃபெல்டன் என்ற பிரிட்டிஷ் பெண். கொரியப் போரின்போது வட கொரியா போய்வந்து பேசியதால் சொந்த நாட்டில் பதவி இழந்து, கடைசியில் சென்னைக்கு வந்து சேர்ந்தவர் அவர். வெளியாள் கேட்டால்தான் சில கதைகள் வரும்போல. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி வேறு, தூரத்திலிருந்து வந்தவர் கேட்கும் கேள்வி வேறு.

திருநங்கைகளின் தன்வரலாறுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். அதுவரை அவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள், சினிமாவில் கிண்டலாக. 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ வந்தது. முதுகலை முடித்தவர், ரயிலில் கைநீட்ட வேண்டியிருந்த நாட்களையும், அறுவை சிகிச்சையையும், அதன்பின் பெயரையும் பாலினத்தையும் ஆவணங்களில் மாற்ற அலைந்ததையும் எழுதினார். ஆபரேஷன் பகுதியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கென்னவோ ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் பகுதிதான் அதிகம் பதறவைத்தது. கத்தியின் வலி ஒருநாள் ஆறிடும், கவுன்ட்டரில் நிற்கும் வலி தினமும். இந்தப் புத்தகத்தை ஒட்டி எடுத்த கன்னடப் படத்துக்காக சஞ்சாரி விஜய் தேசிய விருது வாங்கினார். ஏ.ரேவதியின் ‘வெள்ளை மொழி’யையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். இன்னும் மூத்த தலைமுறையின் குரல் அது.

உங்க வீட்டில் ஒன்று இருக்கலாம்

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால், அதன் முதல் பகுதியில் ஒரு ஏழைக் குடும்பம் ஊர் ஊராக இடம் மாறுவது அவ்வளவு நுணுக்கமாக வருகிறது. அப்பா சங்கீதக்காரர், ஆதரிப்பவர் இருக்கும் ஊருக்குக் குடும்பம் நகரும். இது 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் வாராவாரம் தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைய, பாதியில் நின்றது. 80 வயதைத் தாண்டியவரைப் பத்திரிகைதான் கேட்டுக் கேட்டு எழுதவைத்தது என்பது, இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஊருக்குப் போனபோது, என் அப்பத்தாவிடம் போனை நீட்டி, ‘உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க அப்பத்தா’ என்றேன். ‘எனக்கென்னடா வாழ்க்கை, உங்கள வளத்தேன், அம்புட்டுதான்’ என்று எழுந்து போய்விட்டார். கேள்வி தப்பு. யாரும் தன் வாழ்க்கையைச் ‘சொல்ல’ மாட்டார்கள். பொருளைக் கேட்டால் சொல்வார்கள். மறுநாள், பரணில் கிடந்த பித்தளைத் தூக்கைக் காட்டி, இது யாருடையது என்று மட்டும் கேட்டேன். 40 நிமிஷம் பேசினார். அதில் பாதி ஒரு ஆட்டைப் பற்றி. மீதியில், மூன்றாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்திய நாளும், அன்றைக்கு அந்தத் தூக்கில் என்ன இருந்தது என்பதும்.

வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணிவிட்டு போனைக் கவிழ்த்து வைச்சிடுங்க, ஸ்க்ரீன் எரிந்தால் பேச்சு நின்றுவிடும். தேதியை நோண்டாதீங்க, ‘எந்த வருஷம்’ என்பதற்குப் பதில் ‘அப்போ நம்ம வீட்ல கரன்ட் இருந்துச்சா’ன்னு கேளுங்க. எழுதும்போது அவர்கள் பேச்சைத் திருத்தாதீங்க. எதை வெளியே சொல்லலாம், எது வீட்டோடு இருக்கட்டும் என்று அவர்களையே கேட்டுடுங்க. நளினி ஜமீலா பட்ட பாடு நம்ம வீட்டில் வேண்டாம்.

அப்பத்தாவிடம் அடுத்தது எப்போ என்றேன். ‘வடகம் போட்டு முடிச்சுக்கிறேன். ஆட்டுக்கதை இன்னும் முடியல’ என்றார்.