பங்குனி முதல் நாளில் பியூஸ் ஏன் போனது?



பங்குனிப் பொங்கல் வந்தாலே விருதுநகரிலும் சிவகாசியிலும் தெருவுக்குத் தெரு குழாய் கட்டிவிடுவார்கள். தண்ணீர்க் குழாய் இல்லை, கூம்பு ஸ்பீக்கர். நான் சொல்வது 1960-களின் கடைசியும் 70-களும். நாமெல்லாம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காலம் (தனி மாவட்டமானது 1985-இல்தான்). மைக் செட்டுக்காரர் இரும்புப் பெட்டியை மேசைமேல் வைத்து ஸ்விட்சைப் போடுவார். வால்வுகள் மெல்லக் கனிய ஆரம்பிக்கும். அதற்குள் 'டப்'. பியூஸ் போய்விடும். திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டியதும் உண்டு. காரணம் திருஷ்டி இல்லை, காலண்டர்!

1904-இல் பிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906-இல் லீ டி பாரஸ்ட் அதில் இன்னொரு முனையைச் சேர்த்ததும் சின்ன ஒலியைப் பெரிதாக்க வழி பிறந்தது. காந்தியும் நேருவும் பேசும் பழைய படங்களில் மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெயர்தான் சிகாகோ, கம்பெனி நம் நாட்டுடையது. விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்ற 1967 தேர்தலிலும் ஊர் ஊராய் முழங்கியவை பெரும்பாலும் வால்வு செட்டுகளே.

வால்வுக்கு 400 வோல்ட் அளவில் டி.சி. வேண்டும். ரெக்டிபையர் வால்வு ஏ.சி.யை டி.சி.யாக்க, பில்டர் கண்டன்சர் அதைச் சீராக்கும். கண்டன்சருக்குள் அலுமினியத் தகடு, அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம்தான் காப்பு. மின்சாரம் படாமல் மாதக்கணக்கில் கிடந்தால் படலம் நலிந்துவிடும். நம் ஊர் செட்டுகளுக்கு வேலையே பங்குனி, சித்திரை, ஆடி என்று சீசனில்தான். மற்ற மாதங்களில் பரணில் தூங்கும். தூங்கின செட்டுக்கு ஒரேயடியாய் 400 வோல்ட் கொடுத்தால் கண்டன்சர் ஷார்ட் ஆகிறது, பியூஸ் போகிறது.

விவரமான செட்டுக்காரர் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே செட்டை இறக்கி, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஓட விடுவார். குறைந்த வோல்டேஜில் படலம் மறுபடி ஊறும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் செட் நலம். மங்காமல் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட்.

எப்போது பியூஸ் போகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ரெக்டிபையரைக் கழற்றிய பிறகும் போனால் டிரான்ஸ்பார்மர் பக்கம் பாருங்கள். ரெக்டிபையரை மாட்டி, அவுட்புட் வால்வுகளைக் கழற்றிவைத்தும் போனால் ரெக்டிபையரோ கண்டன்சரோ. எல்லாம் மாட்டி, அரை நிமிடம் கழித்து வால்வின் பிளேட் சிவந்து போனால் அவுட்புட் வால்வு அல்லது அதற்கு முன்னுள்ள கப்ளிங் கண்டன்சர் ஒழுகுகிறது. (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் உயிரை வாங்கும் வோல்ட் நிற்கும். பழகாதவர் கை வைக்க வேண்டாம்.)

இதையெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் செய்த காரியம்தான் எனக்குக் கோபம். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருட்டி பியூஸ் இடத்தில் செருகுவார்கள், இல்லையென்றால் தடித்த செம்புக் கம்பி. அப்புறம் பியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மர் எரியும். பக்கத்தில் ஓலைப் பந்தல், அதற்குப் பக்கத்தில் சாமிக்கு வெடிக்க வைத்திருக்கும் சரவெடிக் கட்டு. எந்த ஊரில் இருக்கிறோம் என்ற நினைப்பு வேண்டாமா! எட்டாம் வகுப்பில் பியூஸ் பாடம் வரும்போதெல்லாம் அந்த வெள்ளித்தாளைத்தான் முதலில் எடுப்பேன். வீட்டில் தாத்தா காலத்து செட் வைத்திருப்பவர்களும் பியூஸின் ஆம்பியரைக் கூட்டாதீர்கள், பழைய கண்டன்சரை மாற்றுங்கள்.

பிறகு டிரான்சிஸ்டர் செட் வந்தது. கார் பேட்டரியிலும் ஓடியது, கனமும் குறைவு. ஆனால் குணம் நேர் எதிர். ஸ்பீக்கர் ஒயர் மரக்கிளையில் அறுந்து தொங்கினால் வால்வு செட்டின் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்து. அதே ஒயர் ஒன்றோடொன்று ஒட்டினால் டிரான்சிஸ்டர் செத்தது. வால்விலேயே ஊறிய செட்டுக்காரர்கள் ஒயர் அறுந்துவிடக் கூடாதே என்று இறுக்கி முறுக்கிக் கட்டி, முதல் இரண்டு வருஷம் புது செட்டுகளை வரிசையாய்ப் பலி கொடுத்தார்கள்.