பழைய மகிழுந்து இருக்கைகளின் மரச் சட்டம்

பழைய மகிழுந்து இருக்கைகளின் மரச் சட்டம் என்பது தோலுறைக்கும் சுருள்வில்லுக்கும் அடியில் இருந்து பாரம் தாங்கும் மரக்கூடு ஆகும். இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியாவில் உருவான மகிழுந்துகள் பலவற்றில் இருக்கைகள் மட்டுமன்றி உடற்பகுதியும் மரச் சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. இத்தகைய வண்டியைப் புதுப்பிக்கும்போது, உளுத்த பகுதிக்கு மாற்றாக எம்மரத்தை இடுவது என்ற கேள்வி எழுகிறது. வெளியே தெரியாத மரம்தானே என்று கையில் கிடைத்ததை இடுவது பிழையாகும். வண்டி குலுங்கும்போதெல்லாம் அமர்ந்திருப்பவரின் எடையை இச்சட்டமே ஏற்கிறது. தோலுறையை இழுத்துப் பிடிக்கும் சிற்றாணிகளும் இதிலேயே அறையப்படுகின்றன.

ஆஷ் மரம்

பிரித்தானிய வண்டிகளில் இதற்கெனப் பெரிதும் பயன்பட்டது ஃபிராக்சினஸ் எக்செல்சியர் என்னும் ஐரோப்பிய ஆஷ் மரமாகும். அதிர்வையும் திடீர் அடியையும் முறியாமல் தாங்குவது இதன் சிறப்பு. கோடரிப் பிடிகளும் கிரிக்கெட் ஸ்டம்புகளும் இம்மரத்தில் செய்யப்படுவதற்கும் இதுவே காரணம். நீராவியில் வேகவைத்தால் நன்கு வளையும். 1953 முதல் 1971 வரை உற்பத்தியான மோரிஸ் மைனர் டிராவலர் வண்டியின் பின்பகுதிச் சட்டம் ஆஷ் மரத்தாலானது. மோர்கன் நிறுவனம் இன்றும் தன் வண்டிகளின் உடற்சட்டத்திற்கு இதனைப் பயன்படுத்துகிறது.

பலகையைத் தேர்தல்

ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருந்தால் மரம் உறுதியானது என்பது பொதுவான நம்பிக்கை. ஆஷ் மரத்திற்கு இது பொருந்தாது. இதில் ஒவ்வோர் ஆண்டும் முதலில் பெரிய துளைகளைக் கொண்ட மென்மையான அடுக்கும், பின்னர் அடர்த்தியான அடுக்கும் உருவாகின்றன. மெதுவாக வளர்ந்த மரத்தில் அடர்த்தியான அடுக்கு மெலிந்து துளைகளே மிகுந்திருக்கும். அது எளிதில் முறியும். ஆகவே ஓரளவு விரைவாக வளர்ந்த, வளையங்களுக்கிடையே இடைவெளியுள்ள பலகையே ஏற்றது.

நார் ஓட்டம் சட்டத்தின் நீளவாக்கில் நேராகச் செல்ல வேண்டும். வளைந்த பகுதியை நேரான பலகையிலிருந்து அறுத்தெடுத்தால் வளைவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அங்கேயே விரிசல் விடும். அதனை நீராவியில் வளைக்கலாம், அல்லது மெல்லிய பட்டைகளை ஒட்டி உருவாக்கலாம். வளைப்பதற்குக் காற்றில் உலர்ந்த மரமே நன்று. சூளையில் உலர்த்தியது அவ்வளவாக வளையாது.

இம்மரத்தின் பெருங்குறை, ஈரத்தில் விரைவில் மட்கிவிடுவதாகும். வெட்டுமுகங்களிலும் திருகாணித் துளைகளிலும் காப்புப்பூச்சு இடுவது இன்றியமையாதது. வச்சிரம் ஈரத்தில் இளகுவதால் எபாக்சி பசை பரிந்துரைக்கப்படுகிறது.

பிற மரங்கள்

பீச் மரம் சிற்றாணிகளை நன்கு பற்றும். ஆனால் ஈரத்திற்கேற்ப மிகுதியாக விரிந்து சுருங்கும். ஓக் மரத்திலுள்ள அமிலங்கள் ஈரம் பட்டால் இரும்பு ஆணிகளை அரிக்கும். டானின் கருநீலக் கறையை உண்டாக்கும். பைன் மென்மையானது, ஆணி தளர்ந்துவிடும். நமக்குப் பழக்கமான தேக்கு மட்காது என்றாலும் அதிர்ச்சியைத் தாங்குவதில் ஆஷ் மரத்திற்கு ஈடாகாது. அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுதலையும் கெடுக்கும். இருக்கையின் தட்டையான அடிப்பலகைக்கு மட்டும் நீர்தாங்கும் ஒட்டுப்பலகை போதுமானது.

கிடைப்பு

ஆஷ் மரங்களை உலரச் செய்யும் பூஞ்சை நோய் 1992இல் போலந்தில் கவனிக்கப்பட்டு, 2012இல் பிரித்தானியாவில் உறுதிசெய்யப்பட்டது. நோய் முற்றிய மரம் நொறுங்கும் தன்மையடைவதால் சட்டத்திற்கு உதவாது. தொடக்கத்திலேயே வெட்டப்பட்டதைப் பயன்படுத்தலாம். மாற்றாகக் கருதப்படும் அமெரிக்க வெள்ளை ஆஷ் மரமும், 2002இல் டிட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட பச்சை நிறத் துளைப்பான் வண்டினால் பெரும் அழிவுக்கு உள்ளாகியுள்ளது.